மோர் குடிக்காத தேங்காய்க்காரர்

என் வீட்டு வாசலுக்கு வந்தவர்கள் யாரும் வாய் நனைக்காமல் திரும்பிப் போனதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். கரண்டு மீட்டர் பார்க்க வருகிறவர், மாட்டுக்கு ஊசி போட வருகிறவர், ஓட்டுக் கேட்டு வருகிறவர், யாராக இருந்தாலும் ஒரு டம்ளர் நீர்மோரைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் என்ன சேதி என்று கேட்பேன். அப்படிப்பட்ட என் வீட்டுக்கு ஒரு கோடை தொடங்கி மறு கோடை வரை வந்துபோன ஒருவர், ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவன் என்று எழுத வேண்டிய ஆள்தான். கை வரவில்லை.

எங்கள் வீடு பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தின் நடுவில் இருக்கிறது. ஊருக்கும் எங்களுக்கும் இடையில் கழனிதான். படுத்தபடியே பயிரைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு என் வீட்டுக்காரர் இங்கே கொண்டுவந்து கட்டினார். அவர் போன பிறகு கழனியைக் குத்தகைக்கு விட்டாயிற்று. மிச்சம் நான், ஒரு பசு, அதன் கன்று, ஒரு நாய். பின்பக்கம் கிணறு, கிணற்றைச் சுற்றித் தென்னை. காலையில் பால் சொசைட்டிக்குப் பாலை ஊற்றிவிட்டு வந்தால் அப்புறம் பேச ஆள் கிடையாது. மத்தியானம் என்பது எங்கள் வீட்டில் மிகவும் நீளம். டிவியில் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். நான் பசுவிடம் பேசுவேன். அது காதை ஆட்டும்.

எனக்கு ஒரே மகள். டாக்டருக்குப் படித்தாள். ஊரே வந்து மெச்சியது. மேற்கொண்டு அவள் எடுத்த படிப்பு என்னவென்று தெரிந்ததும் மெச்சிய வாயெல்லாம் கோணிப்போனது. செத்தவர்களைப் பார்க்கிற டாக்டர் அவள். ஓர் உயிர் தானாகப் போனதா, யாராவது எடுத்ததா என்று அறுத்துப் பார்த்து, கோர்ட்டில் ஏறிச் சொல்வது அவள் வேலை. ஊரில் அவளுக்குப் "பொண டாக்டரு" என்று பெயர். பெண் பார்க்க வந்தவர்கள், "உசுரோட இருக்கிறவங்களுக்கு வைத்தியம் பாக்காதா உங்க பொண்ணு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். திரும்ப வரவில்லை. அவளும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். டவுனில் குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வருவாள். வந்ததும் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். அது நான் வைத்த சட்டம்.

"காலைலயே குளிச்சுட்டேன்மா."

"அது உன் வூட்ல. இது என் வூடு. குளிச்சுட்டு வா."

சிரித்துக்கொண்டே போவாள். வேலையைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். நானும் கேட்க மாட்டேன். மீன் குழம்பைப் பற்றியும் என் முட்டிவலியைப் பற்றியும் பேசுவோம். சாயங்காலம் போய்விடுவாள்.

தேங்காய்க்காரர் முதலில் வந்தது ஒரு நல்ல வெயில் நேரம். மொபட்டை வேலியோரம் நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அறுபதைத் தாண்டியவர். ஒட்ட வெட்டின வெள்ளை முடி, துவைத்த வேட்டி.

"யம்மா, மரத்துல காயெல்லாம் முத்திக் கெடக்குது. வெட்டுக்கு வுடுறீங்களா?"

"நீ எந்த ஊருபா?"

"மண்ணாடிப்பட்டு பக்கம்."

"அங்க இல்லாத தென்னையா இங்க இருக்குது?"

"காய் இருக்கிற எடத்துக்கு நாமதானேம்மா வரணும். காயா எழுந்து வரும்?"

சிரித்துவிட்டேன். மோர் கொண்டுவந்தேன். "இப்பதான் கடையில டீ குடிச்சேன், வேணாம்மா" என்றார். முதல் நாள், கூச்சம் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் வாராவாரம் வந்தார். காய் இருந்தால் வெட்டுவார். இல்லாவிட்டாலும் வாசலில் சிமெண்ட் ஷீட் போட்ட நிழலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருப்பார். குழாயில் வாஷர் போனால் மாற்றிக் கொடுப்பார். கரும்பு வெட்ட மில்லின் உத்தரவுக்குக் காத்துக் கிடப்பதைப் பற்றி, நெல்லில் விழுகிற பூச்சியைப் பற்றிச் சொல்வார். அதைவிட முக்கியம், நான் சொல்வதைக் கேட்பார். என் கல்யாணத்தில் மழை பெய்து பந்தல் விழுந்த கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், முழுசாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"பொண்ணு இன்னா பண்ணுது?" என்று ஒருமுறை கேட்டார்.

எனக்கு மகளைப் பற்றிச் சொல்ல வெட்கம் கிடையாது. விவரமாகச் சொன்னேன். "கோர்ட்ல எம்பொண்ணு ஒரு வார்த்த சொன்னா அது நிக்கும்" என்றேன்.

"நிக்கும்மா" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மோர் மட்டும் இறங்கவில்லை. ஒரு வாரம் ஒருபொழுது என்பார். ஒரு வாரம் வயிற்றில் புண் என்பார். எங்கள் வீட்டுத் தண்ணீர் இறங்காத சாதியோ என்று ஒருநாள் எனக்குச் சுருக்கென்றது. கேட்டுவிட எனக்கு மரியாதை இடம் தரவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் டம்ளரைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைப்பேன். அவர் போன பிறகு எடுத்துப் பசுவின் கழுநீர்த் தொட்டியில் ஊற்றுவேன்.

குத்தகைக்காரர் மனைவிக்கு இதில் ஒரே குஷி. களை பறித்துவிட்டுப் போகும்போது வேலியிலிருந்தே ஆரம்பிப்பாள்.

"இன்னா பெரிம்மா, மரத்துல காய் இருக்குதோ இல்லியோ, சேருல ஆளு இருக்குது!"

"போடி. ஒங்க மாமியாருக்கு வேணா பேசி முடிச்சு வுடு."

"எங்க மாமியாரு பச்சத் தண்ணி தர மாட்டா. நீதான் வாராவாரம் மோரக் காட்டி ஆள மயக்குற."

"குடிச்சாத்தானடி மயங்கறதுக்கு."

மழைக்காலம் முடிந்ததும் நாய் செத்தது. வேலியோரம் நுரை தள்ளிக் கிடந்தது. எலிக்கு வைத்ததைத் தின்றிருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். அன்று தற்செயலாக வந்த தேங்காய்க்காரர்தான் கடப்பாரையை எடுத்துக் குழி தோண்டினார். அதற்குள் மகள் வந்துவிட்டாள், அன்று லீவு. நாயின் வாயைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். பல்லிடுக்கில் கருவாட்டுத் தலை ஒட்டியிருந்தது. அதில் நெல்லுக்குப் போடும் குருணை மருந்து.

"எலிக்கு யாரும்மா கருவாட்டுத் தலையில குருணை வெப்பாங்க?" என்றாள். குழி தோண்டியவர் தலை நிமிரவில்லை. மகளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது கன்று. காலையில் பால் கறக்கப் போனேன், கொட்டகைக் கழியில் கயிறு சுற்றிக்கொண்டு தொங்கியபடி கிடந்தது. கன்றுக்குட்டிகள் இப்படிச் சுற்றிக்கொண்டு சாவது உண்டு. குத்தகைக்காரரும் அதையேதான் சொன்னார். நான் மகளுக்குப் போன் பண்ணினது அழுவதற்காகத்தான். ஆனால் அவள், "யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு டூட்டியை விட்டுவிட்டு வந்தாள்.

கன்றின் கழுத்து மயிரை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தாள். அப்புறம் சாணித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நல்ல புடவை கட்டியிருந்தாள்.

"ரெண்டு தடம் இருக்குதும்மா. ஒண்ணு சாய்வா மேல ஏறுது, அது தொங்குன தடம். இன்னொண்ணு பாரு, சுத்தி வர நேரா இருக்குது. மொதல்ல நெரிச்சுட்டாங்க. அப்புறம்தான் கட்டித் தொங்க வுட்டிருக்காங்க."

"கன்னுக்குட்டிய போய் எவன்டி..."

"குருணை மருந்து ஒரு கேசு. தூக்கு ஒரு கேசு. ரெண்டும் வேற வேற ஊரு, வேற வேற ஆளு. ரெண்டுலயும் நான்தான் கோர்ட்ல சொன்னேன். தானா வந்த சாவு இல்லன்னு சொன்னேன். அத ஒக்காந்து கேட்ட எவனோ ஒருத்தன் இங்க வந்துட்டுப் போறான்."

அவள் கண் கொட்டகையைத் தாண்டிப் பின்பக்கம் போனது.

"கெணறு ஒரு கேசு இருந்துச்சும்மா. வயசானவங்க" என்றாள்.

ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், உங்க மேல எங்களுக்கு மதிப்பு இருக்குது. ஆனா கன்னுக்குட்டிக்கு போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டுன்னு போயி நான் மேல சொன்னா என்னைப் பாத்துத்தான் சிரிப்பாங்க" என்றார்.  என் மகள் சொன்னால் நிற்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கு அவள் சொல் நிற்காமல் விழுந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

"குவார்ட்டர்ஸுக்கு வந்துடும்மா."

"எவனோ ஒருத்தனுக்குப் பயந்துகிட்டு எங்க வூட்ட வுட்டு நான் ஏன் ஓடணும்?"

"யாரெல்லாம் வராங்க இங்க? ஒருத்தர் வுடாம சொல்லு."

சொன்னேன். தேங்காய்க்காரரைச் சொல்லும்போது, "அவரு தங்கமான மனுஷன்" என்று சேர்த்துச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவந்து என்னை அழைத்துப் போவதாக முடிவு பண்ணிவிட்டு அவள் போனாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தேங்காய்க்காரர் வந்தார். அறுப்பு முடிந்து கழனியில் ஒரு தலை தெரியவில்லை. கன்று போனதற்கு வருத்தம் சொன்னார். ஸ்டேஷனில் எங்களை நம்பாததையும் நான் அவரிடம் சொன்னேன். பின்பக்கம் போய் ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்தபோது உதடெல்லாம் காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. நான் வழக்கம்போல டம்ளரை ஸ்டூலில் வைத்திருந்தேன்.

"யம்மா, கெணத்துல காய் ஒண்ணு வுழுந்துடுச்சு. கொஞ்சம் வந்து எட்டிப் பாத்து எங்க கெடக்குதுன்னு சொல்லுங்க. வாளி வுட்டு எடுத்துடறேன். எனக்குக் கண்ணு சரியா தெரியல."

எழுந்துவிட்டேன். ஓர் அடி வைத்திருப்பேன். மர உச்சியில் எந்தக் குலை முத்தினது, எது இளசு என்று தரையில் நின்று சொல்லுகிற கண் அது. கால் நின்றுவிட்டது. அவருடைய காய்ந்த உதட்டைப் பார்த்தேன். டம்ளரைப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரருக்குப் பங்காளி ஒருவர் இருந்தார். வரப்புத் தகராறில் பேச்சு வார்த்தை நின்றுபோனது. மகளுக்குக் காது குத்தினபோது வந்தார், செய்ய வேண்டியதைச் செய்தார், பந்தியில் உட்காரவில்லை. என் வீட்டுக்காரர் போன அன்று பாடையில் தோள் கொடுத்தார். திரும்பி வந்து, நாக்கு வறண்டு, கழனி வழியாகவே நடந்து ஊர்க் கடையில் போய்த் தண்ணீர் குடித்தார். பகை வைத்திருக்கிற வீட்டில் எங்கள் பக்கத்து ஆட்கள் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் அந்த வீட்டுக்குக் கெடுதல் நினைக்கக் கூடாது. அவரை நினைத்த அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

சேரில் உட்கார்ந்துகொண்டேன். 

"வரேன்பா. மொதல்ல அந்த மோர எடுத்துக் குடி."

"வந்து குடிக்கிறேன்மா."

"குடிச்சுட்டே போலாம். கெணறு எங்கயும் ஓடிடாது."

"இன்னிக்கு ஒருபொழுது..."

"போன வாரம் வயித்துல புண்ணு. இந்த வாரம் ஒருபொழுது. ஏம்பா, எங்க வூட்ல கை நனைக்க முடியாத அளவுக்கு இன்னா பகை உனக்கு?"

 அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்புறம் என் எதிரில், வெயிலிலேயே குந்தி உட்கார்ந்தார்.

"எம்புள்ள ஜெயில்ல இருக்கிறான்மா. அவன் பொண்டாட்டி தூக்குல தொங்குனா. நான்தான் கயித்த அறுத்து எறக்குனேன். தூக்குதான்னு ஊரே சொல்லுச்சு. ஒரே ஒருத்தி வந்து, இல்ல, மொதல்ல நெரிச்சிருக்குதுன்னு சொல்லிட்டா."

"எம்பொண்ணு."

"ஒங்க பொண்ணுதான்."

"பொய்யா சொன்னா?"

ரொம்ப நேரம் தரையில் விரலால் கீறிக்கொண்டிருந்தார்.

"பொய்யா நெஜமான்னு நான் கேக்கலம்மா. அவன் உள்ள போனதுல இருந்து எங்க வூட்ல அடுப்பு எரியல. நான் அந்த கோர்ட்டு வாசல்லயே கெடந்தேன். ஒங்க பொண்ணு வர கேசுக்கெல்லாம் போயி ஒக்காந்தேன். அது சொல்லுது, எல்லாரும் நம்புறாங்க. எழுந்து போயிடுது. ஒரு தடவகூட எங்க பக்கம் திரும்பல."

 அவர் குரல் ஏறவே இல்லை. பூச்சி மருந்தைப் பற்றிப் பேசுகிற அதே குரல்.

"நீங்க கெணத்துல கெடந்தா கால் வழுக்கிடுச்சுன்னு ஊரு சொல்லும். ஒங்க பொண்ணு மட்டும் இல்லன்னு சொல்லும். சொல்லட்டும். கன்னுக்குட்டிக்குச் சொன்னப்ப யாரு நம்புனாங்க? அப்பிடியே இதையும் யாரும் நம்பாம இருக்கட்டும். அது எப்பிடி இருக்கும்னு ஒங்க பொண்ணுக்கும் தெரியட்டும்."

கத்தினால் கேட்க ஆள் இல்லை. ஓட முட்டி இல்லை. எனக்கு வந்தது பயமா கோபமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"அப்பிடின்னா ஒரு டம்ளர் மோரு குடிச்சுத் தொலைச்சிருக்க வேண்டியதுதானே. இத்தினி நாளா குடிச்சிருந்தா எனக்குச் சந்தேகமே வந்திருக்காதே. நீ கூப்ட்டதும் எழுந்து வந்திருப்பனே."

"குடிச்சுட்டா என்னால முடியாதும்மா."

"அப்ப இப்பக் குடி."

டம்ளரைப் பார்த்தார். விளிம்பில் ஓர் ஈ உட்கார்ந்தது, அவரே துண்டால் விரட்டினார். கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.  அப்புறம் கையை இழுத்துக்கொண்டு எழுந்தார். நான் சேரின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார். மொபட்டைக் கிளப்பவில்லை. தள்ளிக்கொண்டே வரப்பு வழியாக நடந்தார். அவர் தலை மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்புறம்தான் மகளுக்குப் போன் போட்டேன்.

அவர் எங்கேயும் ஓடவில்லை. பாகூர் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தாராம். போலீசார் அங்கே போய்ச் சேர்ந்ததும் எழுந்து நின்றாராம். இதை மகள் சொன்னாள். ஸ்டேஷனில் இப்போது யாரும் சிரிக்கவில்லை என்றும் சொன்னாள்.

கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டாயிற்று. மகள் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தாள், நான் அசையவில்லை. அவள் பாட்டுக்கு வேலைக்குப் போகிறாள், ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் கை தானாக மோர் கடையும். மொபட் சத்தம் கேட்டால் தலை திரும்பும். என்னைக் கிணற்றில் தள்ள வந்தவர் வராததால் என் மத்தியானம் காலியாகக் கிடக்கிறது. இதை மகளிடம் சொன்னதில்லை.

வழக்கு வந்தது. நான் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும். முந்தின நாள் மகள், "நடந்தத நடந்தபடி சொல்லும்மா. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்" என்றாள். மூன்றாவது வரைக்கும் படித்த எனக்கு அவள் சொல்லித் தந்த ஒரே பாடம் அதுதான். இதையும் அப்படித்தான் எழுத்துக்கூட்டி எழுதுகிறேன்.

அவர் மெலிந்திருந்தார். வேட்டி அழுக்காக இருந்தது. அவருடைய வக்கீல் சின்ன வயசு.

"ஏன் பாட்டி, மோர் குடிக்கலன்னா கொலை பண்ண வந்தவரா?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"மோரு குடிக்காததுக்கு நான் இங்க வரல தம்பி. ஏன் குடிக்கலன்னு அவரே சொன்னாரு. அதச் சொல்லத்தான் வந்திருக்கேன்."

சொன்னேன். கிணற்றைச் சொன்னேன், கன்றைச் சொன்னேன். அவர் குழாய்க்கு வாஷர் போட்டுக் கொடுத்ததையும் சொன்னேன். அது வேண்டாம் என்றார்கள். சொல்லச் சொல்ல அவரையேதான் பார்த்தேன், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முடிக்கும்போது அவர், "அந்தம்மா சொல்றதெல்லாம் நெஜங்கய்யா" என்றார். அவருடைய வக்கீல் பதறிப்போய்க் கையைக் காட்டினார்.

வெளியே மகள் நின்றிருந்தாள். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரைப் பாத்தும்மா சொன்ன?"

"அவரைத்தான்."

"நான் ஜட்ஜை மட்டும்தான் பாப்பேன். அந்தப் பக்கம் பாத்துட்டா அப்புறம் சொல்ல முடியாது."

இத்தனை வருஷம் இவள் இப்படி எத்தனை முறை படி இறங்கி, யார் கையையும் பிடிக்காமல் குவார்ட்டர்ஸுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். அவளுடைய கையை நானும் விடவில்லை.

எதிரில் ஒரு டீக்கடை. வேன் வருவதற்காக அவரை அங்கே நிறுத்தியிருந்தார்கள். கூட இருந்த போலீஸ்காரர் ஒரு கிளாஸ் டீயை வாங்கி அவரிடம் கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கி, ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். அவர் எதையாவது குடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மகளுக்கு டூட்டி இருந்தது. என்னைப் பாகூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. சேர் நிழலில் கிடந்தபடியே கிடந்தது. உள்ளே எடுத்துப் போடலாம் என்று கையை வைத்தேன். அப்புறம் அப்படியே விட்டுவிட்டேன். வருகிறவர்கள் உட்கார ஒரு சேர் வேண்டும்.